சின்ன வண்டி எது?

1. டிராக்டர் என்று சொன்னார்கள்

வளைகுடாவில் பதினாறு வருடம் புல் வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு. எங்கள் ஊரில் வெளிநாடு போய் வந்தவர்கள் பெரும்பாலும் ஜவுளிக் கடையோ செல்போன் கடையோ வைப்பார்கள். நான் பெரம்பலூரில் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் பிடித்து, உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் மெஷின்கள் சர்வீஸ் செய்யப்படும் என்று போர்டு மாட்டினேன். போர்டைப் படித்தவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். "புல்லுன்னா மாடு மேஞ்சிட்டுப் போவுது, அதுக்கு ஒரு மெஷினு, அந்த மெஷினுக்கு ஒரு டாக்டரா பாய்?" என்று ஒருவர் நின்று கேட்டே விட்டார்.

ஆனால் எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. பெரம்பலூரைச் சுற்றிக் கல்லூரிகள். அரியலூரைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகள். கல்லூரிக்கு மைதானம் வேண்டும், ஆலைக்குக் கெஸ்ட் ஹவுஸ் வேண்டும். இரண்டுக்கும் முன்னால் பச்சைப் புல் இல்லாவிட்டால் பெரிய மனிதர்கள் வரும்போது மரியாதை இருக்காது.

முதல் போன் ஒரு கல்லூரியில் இருந்து வந்தது. "பாய், டிராக்டரு ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது. சீக்கிரம் வாங்க."

பிளக், பெல்ட், பிளேடு எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு பைக்கில் போனேன். அங்கே தண்ணீர் டேங்கரைப் பின்னால் கோத்துக்கொண்டு நிஜமான உழவு டிராக்டர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. டிரைவர் என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்ன பாய், சைக்கிளு ரிப்பேரு சாமானா?" என்றார். கல்லூரியில் புல் வெட்டும் மெஷினும் இருந்தது. அதையும் டிராக்டர் என்றுதான் சொல்வார்களாம். போன் செய்தவருக்கு எதற்கு என் நம்பரைக் கொடுத்தார்கள் என்றே தெரியாது.

அதன்பிறகுதான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஸ்டீயரிங் வைத்து, முன்னால் பானெட்டுக்குள் இன்ஜின் இருக்கும் மெஷினை விற்பவர்கள் லான் டிராக்டர் என்பார்கள். ஸ்டீயரிங்கே இல்லாமல் இரண்டு கைக்கும் இரண்டு லிவர் வைத்து, நின்ற இடத்திலேயே சுற்றுவதை ஜீரோ டர்ன் என்பார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் மலையாளிகளுக்கு எல்லாமே ரைடர். பாகிஸ்தான்காரர்களுக்கு எல்லாமே காஸ் காட்னேகி காடி, அதாவது புல் வெட்டும் வண்டி. இங்கே வந்தால் புல்லு வண்டி, கட்டிங் வண்டி, குட்டி டிராக்டர், உட்காந்து ஓட்டுறது, லான் மூவி. ஒரு செக்யூரிட்டி அதை 'ரோடு ரோலர்' என்றார். அவர் சொன்னதும் ஒரு விதத்தில் சரிதான், அந்த மெஷினின் பிளேடு தேய்ந்து புல்லை வெட்டாமல் அமுக்கிக்கொண்டுதான் இருந்தது.

அதனால் யார் போன் செய்தாலும் மூன்று கேள்வி கேட்பேன். நடந்து தள்ளுறதா, உட்காந்து ஓட்டுறதா? ஸ்டீயரிங்கா, லிவரா? இன்ஜின் முன்னாடியா, பின்னாடியா? இந்த மூன்றும் தெரிந்தால் எந்தச் சாமானை எடுத்துப் போவது என்று தெரிந்துவிடும்.

கேட்காமல் விட்டது ஒரே ஓர் இடத்தில். அந்த இடத்தை எனக்கு நன்றாகத் தெரியும் என்ற நினைப்பில் விட்டேன்.

2. அரியலூரில் இரண்டு வண்டி

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலை. பெயர் வேண்டாம். அங்கே இரண்டு மெஷின். ஒன்று ஸ்டீயரிங், இன்னொன்று லிவர். இரண்டையும் ஓட்டியவர் கொளஞ்சி. நல்ல கனமான ஆள். அவர் ஏறி உட்கார்ந்தால் சீட்டு 'ஹ்ம்ம்' என்று மூச்சு விடும். பழுது என்றால் அவர் எனக்கு நேராகப் போன் செய்வார், நான் போவேன், மெஷின் பக்கத்தில் நின்று கையைக் காட்டுவார். பெயருக்கு வேலையே இல்லை.

அப்புறம் ஆலையில் பெண்களுக்கும் மெஷின் பழக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். களை எடுக்கும் குழுவில் இருந்து அஞ்சலையைத் தேர்ந்தெடுத்தார்கள். விக்கிரமங்கலத்தில் இருந்து முதல் பஸ்ஸில் வந்து போகிறவர். ஒல்லியான உடம்பு. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை. காலில் ரப்பர் செருப்பு. "ஷூ குடுக்கலையாம்மா?" என்று கேட்டேன். "ஸ்டோருல எங் காலு சைஸுக்கு இல்லையாம் பாய், எழுதிப் போட்டுருக்காங்க" என்றார்.

சமதளமான புல்வெளியில் பழக்கிக் கொடுக்க இரண்டு நாள் போனேன். ஸ்டீயரிங் மெஷினை அரை நாளில் பிடித்துக்கொண்டார். லிவர் மெஷின்தான் எல்லோருக்கும் தடுமாறும். இரண்டு கையும் இரண்டு சக்கரத்தைத் தனித்தனியே ஓட்ட வேண்டும். அஞ்சலை இரண்டாம் நாள் மதியத்துக்குள் ரோஜாப் பாத்தியைச் சுற்றி ஒரு விரற்கடை விட்டு வெட்டினார். "எப்படிம்மா?" என்றேன். "ரெண்டு மாட்டுக் கயித்தையும் ரெண்டு கையில புடிச்ச மாதிரிதான் இருக்கு. எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் வுடக்கூடாது, அவ்ளோதான்" என்றார்.

கொளஞ்சி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றதை நான் மனத்தில் குறித்து வைத்துக்கொண்டேன். மெக்கானிக் வேலையே சந்தேகப்படுவதுதான். பெட்ரோலைச் சந்தேகப்படு, பிளக்கைச் சந்தேகப்படு, வயரைச் சந்தேகப்படு. அப்படியே பழகி மனிதர்கள் பக்கமும் அது திரும்பிவிடும்.

3. குறை இல்லை, குறை இல்லை, குறை இல்லை

ஒரு மாதம் போயிருக்கும். எஸ்டேட் ஆபீசில் இருந்து போன். எஸ்டேட் ஆபீசர் இளைஞர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்கிறவர். இனிமேல் ஓட்டுநர்கள் எனக்கு நேராகப் பேசக் கூடாது, ஆபீசில் சொல்ல வேண்டும், ஆபீஸ் என்னிடம் சொல்லும் என்று புது ஏற்பாடு.

"பாய், சின்ன வண்டி நின்னு நின்னு போகுதாம். அஞ்சலை கம்ப்ளெயின்ட் குடுத்துருக்காங்க. பாத்துடுங்க."

சின்ன வண்டி என்றால் ஸ்டீயரிங் மெஷின். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அதன் இன்ஜின் சிறியது, வெட்டும் அகலமும் குறைவு. லிவர் மெஷின்தான் பெரியது. ஆபீசரின் பட்டியலிலும் அப்படித்தான் இருந்தது.

காலையில் எனக்குக் கல்லூரி வேலைகள். குன்னம் வழியாகச் சுண்ணாம்புக் கல் லாரிகளுக்குப் பின்னால் தூசி தின்றுகொண்டு அரியலூர் போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. தோட்டத்து ஆட்கள் இரண்டு மணிக்கே போய்விடுவார்கள். ஷெட்டைத் திறந்து ஸ்டீயரிங் மெஷினை எடுத்து அரை மணி நேரம் ஓட்டினேன். நிற்கவே இல்லை. இருந்தாலும் ஃபில்டரை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். சர்வீஸ் சீட்டில் 'குறை இல்லை' என்று எழுதி ஆபீசில் கொடுத்தேன்.

நான்கு நாளில் மறுபடி போன். "பாய், அதே கம்ப்ளெயின்ட்."

மறுபடி மூன்று மணி. மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. பிளக்கை மாற்றினேன், டேங்கை வடித்தேன், பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா என்று கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். சுத்தமான பெட்ரோல். இப்போது எனக்கு வேறு யோசனை ஓடியது. யாராவது இதில் கை வைக்கிறார்களா? கார்புரேட்டர் ஸ்குரூவின் தலையில் சிவப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்தேன். தொட்டால் உதிரும். சீட்டில் மறுபடி 'குறை இல்லை'.

ஆபீசர் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்துல இப்படி ஒரு கம்ப்ளெயின்ட் வந்துருக்கா?"

"இல்ல சார்."

"கொளஞ்சிய ஓட்டச் சொல்லிப் பாத்தேன். அவர் ஓட்டினா நிக்கலையாம். இந்தம்மா ஓட்டினா மட்டும் நிக்குதாம். என்ன அர்த்தம்?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மெஷினைப் பற்றித் தெரியாது என்று சொல்ல ஒரு மெக்கானிக்குக் கூச்சம். "மெஷின்ல குறை இல்ல சார்" என்றேன். மெஷினில் இல்லை என்றால் எதில் என்பதை அவர் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் முறை போனபோது சிவப்புப் பொட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. யாரும் கை வைக்கவில்லை. அப்படியென்றால் அந்தப் பெண்தான் பொய் சொல்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பழைய வேலைக்கே போக ஆசைப்படுகிறதா? வெயிலில் மெஷின் மேல் உட்காரக் கஷ்டமாக இருக்கிறதா? அப்படி இருந்தால் நேராகச் சொல்லலாமே. இரண்டு நாள் பழக்கிக் கொடுத்தவன் நான், என்னை எதற்கு இப்படி அலைய வைக்க வேண்டும் என்று கோபம்கூட வந்தது.

4. டீக்கடையில் கொளஞ்சி

அன்று திரும்பும்போது ஆலைக்கு வெளியே டீக்கடையில் கொளஞ்சியைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார்.

"என்ன கொளஞ்சி, சின்ன வண்டி எப்படி ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுது பாய். எனக்கு நிக்கல."

"அஞ்சலைக்கு மட்டும் ஏன் நிக்குதாம்?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு பொய் சொல்ற பொண்ணு இல்ல பாய்" என்றார். "வரேன் பாய்" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

பைக்கில் வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பொய் சொல்கிற பெண் இல்லை என்றால் மெஷின் நிற்கிறது. மெஷினில் குறை இல்லை என்றால் நிறுத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். காலையில் அவள் வருவதற்கு முன் ஏதோ செய்து, அவள் போனபின் சரி செய்துவிடுகிறாரா? இத்தனை வருடமாகத் தான் மட்டும் உட்கார்ந்த சீட்டில் வேறொருவர் உட்கார்ந்தால் யாருக்கும் வயிறு எரியாதா? பெரம்பலூர் வருவதற்குள் கொளஞ்சியைக் குற்றவாளி ஆக்கி முடித்துவிட்டேன். முதல் நாள் அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றதையும் சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டேன்.

5. செருப்பு

அடுத்த வாரம் காலை பத்து மணிக்கு ஆபீசரின் போன். குரலில் பதற்றம்.

"பாய், சின்ன வண்டியில ஆக்சிடென்ட். அஞ்சலைக்குக் கால்ல அடி. அவங்க இறங்கினப்புறமும் பிளேடு ஓடிட்டு இருந்திருக்கு. சீட் ஸ்விட்ச்ல யாரோ கை வச்சிருக்காங்கன்னு சேஃப்டியில சொல்றாங்க. நாளைக்குக் காலைல என்கொயரி. எட்டு மணிக்கு வந்துடுங்க."

சீட் ஸ்விட்ச் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷின்களின் சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஆள் உட்கார்ந்திருக்கும் வரைதான் பிளேடு ஓடும். பிளேடு ஓடும்போதோ வண்டி நகரும்போதோ ஆள் எழுந்தால் இன்ஜின் உடனே நின்றுவிடும். கால் தப்புவதும் போவதும் அந்த ஸ்விட்ச்சில்தான் இருக்கிறது.

அன்று முழுதும் எனக்கு வேலை ஓடவில்லை. யார் கை வைத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மறுநாள் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் எட்டு மணிக்கு முன்பே போய்விட்டேன். தோட்டத்து ஷெட் வாசலில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அஞ்சலை உட்கார்ந்திருந்தார். இடது கால் கட்டைவிரலில் பெரிய கட்டு. நகம் போய் மூன்று தையல். பக்கத்தில் அந்தச் செருப்பு கிடந்தது. முன்பாதி இல்லை. கத்தரியால் வெட்டியது போல நேராகப் போயிருந்தது. யா அல்லாஹ், இன்னும் இரண்டு அங்குலம்.

அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராக உள்ளே போனேன். ஸ்டீயரிங் மெஷினின் சீட்டைத் தூக்கினேன். ஸ்விட்ச், வயர், கனெக்டர் எல்லாம் கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே இருந்தன. கை வைத்த அடையாளமே இல்லை. பானெட்டைத் திறந்தேன். என் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது.

வேலையை முடித்துவிட்டுத் தடயத்தையும் அழித்துவிட்டார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். "யாரு இத ராத்திரிக்குள்ள சரி பண்ணது?" என்று வெளியே கேட்கும்படி சத்தம் போட்டேன்.

அஞ்சலை எட்டிப் பார்த்தார். "ஏன் பாய் பெரிய வண்டிய நோண்டிக்கிட்டு இருக்கீங்க? சின்ன வண்டில்ல அடிச்சுது."

"இதுதானேம்மா சின்ன வண்டி?"

"அதுவா? அவ்ளோ நீளமா மூக்க நீட்டிக்கிட்டு நிக்குதே, அது எப்படிச் சின்ன வண்டி ஆவும்? சின்ன வண்டி பின்னாடி நிக்குது, கழுவிப் போட்டுருக்காங்க."

அவர் கை காட்டிய இடத்தில், ஷெட்டுக்குப் பின்னால், லிவர் மெஷின் நின்றிருந்தது. முன்னால் பானெட் இல்லை. குட்டையாக, கையைக் காலை மடக்கி உட்கார்ந்த மாதிரி இருக்கும். தோட்டத்தில் எல்லோருக்கும் அதுதான் சின்ன வண்டி. நானும் ஆபீசரும் இன்ஜினை வைத்துப் பெயர் வைத்தோம். அவர்கள் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்திருந்தார்கள்.

மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் நல்ல மெஷினைப் பிரித்து மாட்டிவிட்டு, 'குறை இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

6. சீட்டுக்கு அடியில்

லிவர் மெஷினின் சீட்டைத் தூக்கினேன். கனெக்டரின் இரண்டு துளைகளையும் சேர்த்து ஒரு துண்டு வயர் சொருகியிருந்தது. மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆள் இருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொள்ளும்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். கொளஞ்சி.

"நான்தான் பாய் வச்சேன்" என்றார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். "அந்தப் பொண்ணு இந்த ஷெட்டுல ஒக்காந்து அழுதுச்சு. மெக்கானிக்கு வண்டி நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாரு, இனி ஒரு தடவ கம்ப்ளெயின்ட் சொன்னா வேலைய வுட்டு எடுத்துடுவாங்களாம்னு. மேடு பள்ளத்துல போனா வண்டி அடங்கிப் போவுது. நானே கண்ணால பாத்தேன். சீட்டு வயரு கோளாறுன்னு நெனச்சுச் சேத்து வுட்டுட்டேன். இனிமே நிக்காதும்மான்னு சொன்னேன். அத மட்டுந்தான் சொன்னேன்."

"என்ன செஞ்சேன்னு அவங்கக்கிட்ட சொல்லலையா?"

"வெளிய தெரிஞ்சா வம்புன்னு சொல்லல. மேட்டுல வண்டி அடங்குறத அன்னிக்கே டீக்கடையில ஒங்ககிட்ட சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆபீசு மூலமாத்தான் பேசணும்னு சொல்லியிருக்காங்களேன்னு பயந்துட்டேன்."

"இத யாரு கத்துக் குடுத்தா?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. போன வருடம் ஸ்டார்ட்டர் கோளாறு பார்த்தபோது, ஸ்விட்ச்சில் பழுதா என்று சோதிக்க இதே கனெக்டரில் நான் ஒரு வயரைச் சொருகினேன். வேலை முடிந்ததும் எடுத்துவிட்டேன். டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் கொளஞ்சி.

அஞ்சலை நடந்ததைச் சொன்னார். அவர் எழுந்தால் மெஷின் தானாக நின்றுவிடும், அதற்குப் பழகியிருந்தார். அன்று வழியில் தண்ணீர் ஹோஸ் கிடந்தது. வண்டி நகராமல் இருக்க லிவர்களை வெளிப்பக்கம் விரித்துவிட்டு இறங்கி, காலால் ஹோஸைத் தள்ளினார். மெஷின் நிற்கவில்லை. செருப்பின் முனை பிளேடை மூடியிருக்கும் டெக்குக்கு அடியில் போனது.

அந்த வயரைப் பிடுங்கினேன். "அம்மா, வண்டி ஏன் நிக்குதுன்னு பாக்கணும். ஒக்கார முடியுமா?" என்றேன்.

"ஓட்டுறதுக்குக் கைதானே வேணும்" என்று நொண்டிக்கொண்டே வந்து ஏறினார். பிளேடைப் போடாமல், கெஸ்ட் ஹவுஸ் பின்புறச் சரிவில் மெதுவாகப் போகச் சொன்னேன். பத்தடி தாண்டி ஒரு மேட்டில் சக்கரம் ஏறி இறங்கியது. அவர் உடம்பு ஒரு நொடி மேலே எழும்பியது. இன்ஜின் அடங்கியது. மறுபடி ஸ்டார்ட். மறுபடி மேடு. மறுபடி அடங்கியது. கொளஞ்சியை ஏறச் சொன்னேன். அதே மேட்டில் அவர் அசையவே இல்லை. மெஷின் ஜம்மென்று போனது.

சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங். கனமான ஆளுக்காக இறுக்கி வைத்தவை. அஞ்சலையின் எடைக்கு அந்த ஸ்பிரிங் முழுதாக அமுங்குவதே இல்லை. கொஞ்சம் குலுங்கினால் போதும், சீட்டில் ஆள் இல்லை என்று ஸ்விட்ச் முடிவு செய்துவிடும். உட்கார்ந்திருக்கும்போதே அவரை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்த மெஷின். நானும் அதைத்தான் மூன்று சர்வீஸ் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஸ்பிரிங்கைத் தளர்வான இடத்துக்கு மாற்றி, சீட்டை ஒரு துளை முன்னால் நகர்த்த இருபது நிமிடம் ஆனது. அஞ்சலை மறுபடி ஏறினார். நான் பக்கத்திலேயே நடந்தேன். சரிவு முழுக்க மேலே போய்க் கீழே வந்தார். ஒரு முறையும் நிற்கவில்லை. பிறகு இன்ஜினை அணைக்காமல் மெஷினை ஓரிடத்தில் நிற்க வைத்து, பிளேடைப் போட்டு, சீட்டில் இருந்து லேசாக எழச் சொல்லி ஸ்விட்ச்சையும் சோதித்தேன். எழுந்தவுடன் இன்ஜின் நின்றது.

"சரியாயிடுச்சும்மா" என்றேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. லிவரைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "மூணு வாட்டி வந்தீங்க பாய். ஒரு வாட்டியாச்சும் என்னையக் கேட்டீங்களா?"

காலையில் வர நேரமில்லை என்பது பதில் ஆகாது. மூன்று முறை அலைந்த நேரத்தில் ஒரு முறை காலையில் வந்திருக்கலாம்.

7. என்கொயரி

ஆபீசரின் அறையில் சேஃப்டி ஆட்களும் இருந்தார்கள். மேசை மேல் என் மூன்று சர்வீஸ் சீட்டுகள். கொளஞ்சிதான் கை வைத்திருப்பார் என்ற சந்தேகத்தில் அவரை வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது.

"சார், நான் மூணு தடவையும் தப்பான மெஷினப் பாத்துட்டுப் போயிருக்கேன்" என்றேன். "அவங்க சின்ன வண்டின்னு சொன்னது லிவர் மெஷின. நான் ஸ்டீயரிங் மெஷினப் பாத்து, குறை இல்லன்னு எழுதிட்டேன். அஞ்சலை சொன்னது எல்லாமே உண்மை. சீட் ஸ்பிரிங் அவங்க எடைக்கு ஒத்து வரல, அதான் நின்னுச்சு."

ஆபீசர் தன் பட்டியலைப் பார்த்தார். "ஆனா சின்ன வண்டின்னா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் முகம் மாறியது. அந்த வார்த்தையை அஞ்சலையிடம் கேட்டு எழுதியவர் அவர்தான்.

"வயரு?" என்றார் சேஃப்டிக்காரர்.

"கொளஞ்சி வச்சாரு. தப்புதான். ஆனா அவருக்கு அது எங்கிட்ட இருந்து வந்தது. சோதனை பண்றேன்னு அவர் முன்னாடி நான் வச்சேன். அது எவ்வளவு ஆபத்துன்னு ஒரு வார்த்த சொல்லல."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அப்படி முடியவில்லை. கொளஞ்சியை வேலையை விட்டு எடுக்கவில்லை, ஆனால் மெஷினைத் தொடக் கூடாது என்று தண்ணீர் விடும் வேலைக்கு மாற்றினார்கள். அஞ்சலைக்குத் தையல் பிரித்ததும் மறுபடி மெஷின் கிடைத்தது, அளவான ஷூவும் வந்தது. எனக்கு அந்த ஆலையின் வேலை போனது. திருச்சியில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் ஆபீசராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கடைசியாக வெளியே வரும்போது, இனிக் குழப்பம் வேண்டாம் என்று இரண்டு மெஷினிலும் மஞ்சள் பெயின்ட்டில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுக் கொடுத்தேன். அஞ்சலை பார்த்துக்கொண்டிருந்தார். "நம்பரு ஆபீசுக்கு இருக்கட்டும் பாய். எங்களுக்கு அது சின்ன வண்டிதான்" என்றார்.

கொளஞ்சி பக்கம் போனேன். ஹோஸைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். அவரைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன் என்பதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். சொன்னால் என் மனபாரம் குறையும், அவருக்கு ஒரு காயம் கூடும். "மாஃப் பண்ணு கொளஞ்சி" என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

8. கரடி

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழுது சொல்ல வருகிறவர் பொய் சொல்கிறார் என்று தோன்றினால், முதலில் நீங்கள் நிற்பது சரியான மெஷின் முன்னால்தானா என்று பாருங்கள். 'குறை இல்லை' என்று எழுதுவதற்கு முன், அதில் உட்கார்ந்தவரை மறுபடி உட்கார வைத்து ஓட்டச் சொல்லிப் பாருங்கள். நாம் ஓட்டினால் நிற்கவில்லை என்பது நம்மைப் பற்றிய செய்தி, மெஷினைப் பற்றிய செய்தி இல்லை. சோதனைக்கு வைத்த வயரை எடுத்தால் மட்டும் போதாது. பார்த்துக்கொண்டிருந்தவரிடம் அது என்ன என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

போன மாதம் வாலிகண்டபுரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து காலையில் ஒரு பெண் போன் செய்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்று குரலிலேயே தெரிந்தது.

"பாய், கரடி உறுமுது, ஆனா நவுர மாட்டேங்குது."

மூன்று கேள்வியை நான் கேட்கவில்லை. எந்த மெஷினுக்கு எதற்காகக் கரடி என்று பெயர் வைத்தார்கள் என்றும் கேட்கவில்லை. பையில் எல்லாச் சாமானையும் போட்டுக்கொண்டு அவர் வேலை நேரத்திலேயே போய்ச் சேர்ந்தேன். அவர் எதிரே ஓடி வந்தார்.

"வாங்கம்மா, கரடியக் காட்டுங்க" என்றேன்.